காரணமற்ற கிருபை

2025 ஆகஸ்ட் கடைசியில், சுங்குவார்சத்திரத்து டீக்கடை ஒன்றில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவுக்குப் போகும் இந்தியச் சரக்குகளுக்கு 27ஆம் தேதியிலிருந்து 50 சதவீத வரி. முதலில் விதித்த 25 போக, ருஷ்ய எண்ணெய் வாங்கிய குற்றத்துக்கு இன்னொரு 25.

“நம்ம ஊர் போனுக்கும் உண்டா சார்?” என்றார் கடைக்காரர். அவர் கேட்டதில் அர்த்தம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் ஆரம்பித்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனபோது, ஷிப்டு பஸ் வராத ரோட்டைப் பார்த்துக்கொண்டு அடுப்பருகில் நின்றவர் அவர்.

“இல்லை. போனுக்கு விலக்கு.”

“ஏன் இல்லே?”

வரி ஏன் என்று கேட்டிருந்தால் பத்து நிமிஷம் பேசியிருப்பேன். ஏன் இல்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

டொனால்டு ட்ரம்ப்பைத் திட்டுவது சுலபம். அவர் நாட்டிலேயே அந்த ஜூலையில் காலப் கணக்கெடுப்பில் அவரை ஏற்றவர்கள் 37 சதவீதம்தான். அவருடைய கோபங்கள் ஊரறிந்தவை. இந்தியாவில் தொழிற்சாலை கட்டுவது தமக்கு விருப்பமில்லை என்று ஆப்பிளின் டிம் குக்கிடம் சொன்னதை, மே மாதம் தோஹாவில் பலர் முன் அவரே சொல்லிக்கொண்டார். ஜூலை கடைசியில் நம் பொருளாதாரம் செத்துப்போனது என்று எழுதினார். ருஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்கிய சீனாவுக்கு அந்த அபராதம் இல்லை. கோபத்தில் நியாயம் தேடுவது வீண்.

என்னை உறுத்தியது கோபம் அல்ல, தயவு. அபராத உத்தரவில் கையெழுத்துப் போட்ட ஆகஸ்ட் 6ஆம் தேதியே, வெள்ளை மாளிகையில் டிம் குக் ஜனாதிபதிக்கு 24 காரட் தங்கப் பீடத்தில் வைத்த கண்ணாடிப் பரிசு ஒன்றைக் கொடுத்தார். போனுக்கு விலக்கு ஏப்ரலிலேயே வந்துவிட்டது; பரிசுக்குக் கிடைத்த கூலி என்று சொல்லமாட்டேன். ஆனால் தங்கத்தோடு போய் நிற்கவேண்டும் என்று உலகத்தின் மிகப்பெரிய கம்பெனிகளில் ஒன்றின் தலைவருக்குத் தோன்றியிருக்கிறது. ஜமீன் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நின்ற நம் பாட்டனார்களுக்கு இது புரியும்.

போன் விலை ஏறினால் அமெரிக்கர்கள் பொறுக்கமாட்டார்கள், அதனால் விலக்கு என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். அப்படியானால் மே 23இல், அமெரிக்காவில் செய்யாத ஐபோனுக்கு 25 சதவீதம் என்று மிரட்டினாரே, அன்று அந்தக் காரணம் எங்கே போயிற்று?

இங்கிருந்து கிழக்கே சில மைலில் ராமானுஜர் பிறந்த ஊர். அவருக்குப் பின் வந்த தென்கலை ஆசார்யர்கள் நிர்ஹேதுக கிருபை என்று ஒன்றைச் சொன்னார்கள். ஜீவனிடம் தகுதி எதையும் தேடாமல் பகவான் தானாகக் காட்டும் கிருபை. கடவுளுக்கு அது பெருமை. ஆட்சியில் இருக்கும் மனிதனிடமோ அது காரணமற்ற கோபத்தின் மறுபுறம்தான். காரணம் இருந்தால் வாதாடலாம். காரணம் இல்லாததன் முன் கும்பிடத்தான் முடியும். தண்டனையைவிடச் சலுகையே மனிதனை அதிகம் வளைக்கிறது.

இதை நான் தெரிந்துகொண்டது ட்ரம்ப்பிடமிருந்து அல்ல, என்னிடமிருந்தே. போனுக்கு வரி இல்லை என்று படித்ததும் எனக்குள் ஒரு நிம்மதி. அதே பக்கத்தில் திருப்பூர் பனியனும் ஆம்பூர்த் தோலும் 50 சதவீதத்தில் கிடந்தன. ஒரகடம் பக்கம் செய்கிற கார் உதிரிபாகங்களுக்கு வேறொரு உத்தரவின்படி 25. கண் அவற்றைத் தாண்டிப் போய்விட்டது. திருப்பூரில் தையல் மெஷின் முன் உட்காரும் பெண்ணும் இங்கே போனுக்குத் திருகாணி முடுக்கும் பெண்ணும் ஒரே வீட்டு அக்கா தங்கையாக இருக்கலாம். அக்காவுக்கு விழுந்த அடி தங்கைக்கு விழவில்லை என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒரு மனிதனின் குணம் கடல் தாண்டி இப்படித்தான் தொற்றுகிறது. வேண்டியவன், வேண்டாதவன் என்று அவன் போட்ட கோட்டில் நாமாகப் போய் நின்றுகொள்கிறோம்.

கடைக்காரர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.

“இன்னைக்கு இல்லே. அவ்வளவுதான் தெரியும்” என்றேன்.

அவருக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஷிப்டு முடிந்த பஸ் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் இறங்கினார்கள். அவர் திரும்பி அடுப்பில் பாலை ஏற்றினார். அளவு சற்றுக் குறைந்திருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.