பேண்ட் வகுப்பின் சட்டதிட்டங்கள்

டெக்சாஸ் மாநிலப் பள்ளிகளில் பேண்ட் என்பது ஒரு பாடம். கணக்குக்கும் அறிவியலுக்கும் இருப்பதுபோல் அதற்கும் கால அட்டவணையில் பீரியட் உண்டு, பாடநூல் உண்டு, மதிப்பெண் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இதில் சேர்கிறார்கள். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் பேண்ட் கையேடு ஒன்று வீட்டுக்கு வரும். பெற்றோரும் பிள்ளையும் அதைப் படித்துக் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். டாலஸை ஒட்டிய பிரிஸ்கோ, பிளேனோ, இர்விங், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஆகிய ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சுதந்திர தின அணிவகுப்பில் டிரம் முழங்கிச் செல்லும் நம்மூர்ப் பள்ளி பேண்டுதான் பழக்கம். அந்த நினைவோடு கையேட்டைப் புரட்டினால் விதிகள் கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் அவற்றில் காரணமில்லாமல் எழுதப்பட்டது மிகக் குறைவு.

அமெரிக்கப் பள்ளிகளில் பேண்ட் இவ்வளவு வேரூன்றியதற்கு முதல் உலகப் போரும் ஒரு காரணம். போர் முடிந்து திரும்பிய ராணுவ வாத்தியக்காரர்கள் பலர் பள்ளி ஆசிரியர்களாயினர். இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரில் குவிந்திருந்த வாத்தியத் தொழிற்சாலைகளுக்கும் புதிய சந்தை தேவைப்பட்டது. 1923இல் சிகாகோவில் நடந்த முதல் தேசியப் பள்ளி பேண்ட் போட்டிக்குப் பின்னால் வாத்தியத் தயாரிப்பாளர்களின் கை இருந்தது. டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்துவது, 1910இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் தொடங்கிய யு.ஐ.எல். அமைப்பு. கையேட்டில் உள்ள பல விதிகளின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

முதல் படி வாத்தியத் தேர்வு. ஐந்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் பேண்ட் டைரக்டர்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து வெவ்வேறு மவுத்பீஸ்களை ஊதச் சொல்வார்கள். உதட்டின் தடிமன், முன்பற்களின் வரிசை, விரல் நீளம் எல்லாம் கவனிக்கப்படும். டிராம்போனின் கடைசி நிலைக்குக் கை எட்டுமா என்றுகூடப் பார்ப்பார்கள். பிள்ளைகள் ஆசைப்படுவது பெரும்பாலும் சாக்ஸபோனுக்கும் டிரம்முக்கும்தான். ஒரு பேண்டுக்குத் தேவைப்படுவதோ நிறையக் கிளாரினெட்டுகள், போதுமான டிரம்பெட்டுகள், சில ஹார்ன்கள், அடித்தளம் தாங்க டியூபா. டைரக்டர் சிபாரிசு செய்யும் வாத்தியத்தை ஏற்றுக்கொள்வதே நல்லது. எந்த வாயில் எது எளிதாக ஒலிக்கும் என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவரின் கணிப்பு அது. பல்லுக்குக் கம்பி கட்டப்போகும் பிள்ளையானால் அதை அப்போதே சொல்லிவிட வேண்டும். டிரம்பெட், ஹார்ன் போன்ற பித்தளை வாத்தியங்களில் மவுத்பீஸ் உதட்டைப் பல்லோடு அழுத்துவதால் கம்பி உறுத்தும். அதைச் சமாளிக்க வழி உண்டென்றாலும் முன்கூட்டித் தெரிந்தால் ஆசிரியருக்கு உதவி.

டியூபா, யூஃபோனியம், பிரெஞ்சு ஹார்ன், பசூன், ஓபோ போன்ற விலையுயர்ந்த வாத்தியங்கள் பொதுவாகப் பள்ளிக்குச் சொந்தம். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றைப் பிள்ளையின் பொறுப்பில் கொடுப்பார்கள். ஃபிளூட், கிளாரினெட், டிரம்பெட் முதலியவற்றை இசைக் கடைகளில் மாத வாடகைக்கு எடுக்கலாம். கட்டும் வாடகை விலையில் கழிந்து, கடைசியில் வாத்தியம் சொந்தமாகிவிடும் ஏற்பாடும் உண்டு. கூடவே பழுதுபார்ப்புக் காப்பீடும் கிடைக்கும், அதை விடக்கூடாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத புது டிரம்பெட்டை வாங்குவது மட்டும் வேண்டாம். உலோகம் மென்மையானது, வால்வு சீக்கிரம் சிக்கும், உதிரி பாகம் கிடைக்காது என்பதால் பழுதுபார்ப்பவர்கள் கையில் எடுக்கவே மறுப்பார்கள். ஊத வராதது தன் குறை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். இந்த ஒரு காரணத்தால் வகுப்பை விட்டுப் போகும் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

டெக்சாஸ் முறையின் தனிச்சிறப்பு, புதியவர்களை வாத்திய வாரியாகப் பிரித்துக் கற்பிப்பது. ஒரு பீரியடில் கிளாரினெட் பிள்ளைகள் மட்டும், அடுத்ததில் டிரம்பெட் மட்டும். முதல் நாட்களில் முழு வாத்தியம் கைக்கு வராது. நாற்காலியின் முன்விளிம்பில் முதுகு நிமிர்ந்து, இரு பாதமும் தரையில் படிய உட்காருவது, தோள் உயராமல் மூச்சிழுப்பது, வெறும் மவுத்பீஸில் ஒரே சீராக ஒலி எழுப்புவது என்றே பாடம் நகரும். பிறகுதான் எசென்ஷியல் எலிமென்ட்ஸ் போன்ற பாடநூலைத் திறப்பார்கள். 'இத்தனை நாளாகியும் ஒரு பாட்டுகூட வாசிக்கவில்லையே' என்று பெற்றோர் பதறத் தேவையில்லை. தவறான உதட்டமைப்பு ஒருமுறை பழகிவிட்டால் அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

மணி அடிக்கும் நேரத்தில் பேண்ட் அறைக்குள் நின்று பார்த்தால் விதிகளின் அருமை தெரியும். பிள்ளைகள் சுவரோரப் பூட்டு அலமாரிகளிலிருந்து பெட்டிகளை எடுத்து வருகிறார்கள். ஒருவரும் ஊதுவதில்லை. கிளாரினெட் வரிசையில் ஒரு சிறுமி நாணல் தகடான ரீடை வாயில் வைத்து நனைத்தபடியே பெட்டியைத் தரையில் கிடத்தித் திறக்கிறாள். மடியில் வைத்துத் திறந்தால் பாகங்கள் சரிந்து விழும். மேல்பாகத்தின் வளையச் சாவிகளை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பாகத்தை மெல்லத் திருகிச் செருகுகிறாள். அழுத்தாமல் செருகினால் இரு பாகங்களையும் இணைக்கும் பாலச் சாவி வளைந்துவிடும். கடைசியாக ரீடை மவுத்பீஸில் பொருத்தி, அதன் நுனிக்கு மேல் மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை தெரிகிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள். இதெல்லாம் முடிய இரண்டு மூன்று நிமிடம்கூட ஆவதில்லை. டைரக்டர் மேடையேறிக் கையை உயர்த்தியதும் பேச்சு நின்றுவிடுகிறது.

அந்தக் கை உயர்ந்தபின் ஒலி எழுப்பக் கூடாது என்பதுதான் அறையின் முதல் சட்டம். ஐம்பது வாத்தியங்கள் இருக்கும் இடத்தில் ஒரு பிள்ளை விளையாட்டாக ஊதினாலும் வகுப்பு நின்றுபோகும். பென்சில் இல்லாமல் வரக்கூடாது. டைரக்டர் சொல்லும் மூச்சிடும் இடத்தையும் மறந்துபோகும் ஷார்ப் குறியையும் அப்போதே தாளில் குறிக்க வேண்டும். பேனா கூடாது, ஏனெனில் அச்சிட்ட இசைத்தாள் பள்ளியின் சொத்து, அடுத்த ஆண்டு வேறொருவர் கைக்குப் போகும். சூயிங்கம்மும் இனிப்பும் தடை. சர்க்கரை கலந்த எச்சில் வாத்தியத்துக்குள் போய் வால்வையும் சாவிகளுக்கு அடியிலுள்ள பேடையும் ஒட்டவைக்கும். மதிய உணவுக்குப் பின் வகுப்பு என்றால் வாய் கொப்பளித்துவிட்டு வர வேண்டும். பிறர் வாத்தியத்தைத் தொடக்கூடாது, மவுத்பீஸைப் பகிரக்கூடாது. சுகாதாரம் மட்டுமல்ல, உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் இதில் இருக்கிறது.

பராமரிப்பில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். டிரம்பெட்டின் மூன்று வால்வுகளிலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். எண்ணெய் போடும்போது ஒன்றைக் கழற்றி, மூன்று நான்கு சொட்டு விட்டு, திரும்பச் செருகி, 'க்ளிக்' என்று உட்காரும்வரை திருப்பிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கழற்றினால் இடம் மாறிவிடும், எவ்வளவு ஊதினாலும் காற்று போகாது. டிராம்போனின் ஸ்லைடு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று மிக நெருக்கமாக ஓடுபவை. நாற்காலியில் இடித்து ஏற்படும் சிறு நசுங்கலே அதை முடக்கப் போதும். மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் அப்பாவின் குறடு வேண்டாம். அதற்கான கருவி டைரக்டரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அதைக் கொண்டு நொடியில் எடுத்துவிடுவார். மரவாத்தியங்களை வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைக்க வேண்டும். மவுத்பீஸை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போதும். கொதிநீரில் ரப்பர் மவுத்பீஸின் நிறம் போய்விடும், பித்தளை வாத்தியத்தின் மேல்பூச்சும் உரியலாம்.

ரீட் என்பது ஒருவகை நாணல். நாகசுரக்காரர் சீவாளிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: ஒன்றை மட்டும் நம்பி வாசிக்க உட்காரக் கூடாது. புதியவர்களுக்கு 2 அல்லது 2½ எண் ரீட் ஏற்றது. மூன்று நான்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, வாசித்ததும் கழற்றித் தட்டையான உறையில் வைக்க வேண்டும். மவுத்பீஸிலேயே விட்டுவைத்தால் கோணிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். நுனி பிளந்த ரீடில் நல்ல ஒலி வராது.

இத்தனைக்குப் பிறகும் வாத்தியம் பழுதாகும். இசைக் கடைகளின் ஆட்கள் வாரந்தோறும் பள்ளிகளுக்கு வந்து பழுதானவற்றை எடுத்துப் போவார்கள். நசுங்கிய குழாய்க்குள் எஃகு உருண்டையை ஓட்டி நிமிர்த்துவது, தேய்ந்த பேடைப் பிரித்துப் புதிதாக ஒட்டிக் காற்று கசிகிறதா என்று உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பது எல்லாம் பட்டறையில் கையால் நடக்கும் வேலை. பிள்ளை தானாக ஸ்க்ரூ முடுக்கிக் கொண்டுவரும் வாத்தியத்தைச் சரிசெய்ய இவர்களுக்கு இரட்டிப்பு நேரம் பிடிக்கிறது. கோளாறு தெரிந்த அன்றே டைரக்டரிடம் சொல்வதே சரி.

சுருதி சேர்ப்பது அடுத்த பெரிய பாடம். டைரக்டர் 'கான்செர்ட் பி-ஃபிளாட்' என்றால் ஃபிளூட் தன் தாளில் பி-ஃபிளாட் வாசிக்கும், டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சி, ஆல்டோ சாக்ஸபோன் ஜி, பிரெஞ்சு ஹார்ன் எஃப். பெயர் நான்கானாலும் ஸ்தாயி வேறுபாடு தவிரக் காதில் விழுவது ஒரே சுரம். எந்தக் கட்டையை வைத்தாலும் அதுவே ஸட்ஜம் என்று கர்நாடக இசையில் பழகிய பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். குளிர்ந்த வாத்தியத்தில் சுருதி தாழ்ந்திருக்கும், ஊதி ஊதிச் சூடேறினால் உயரும். ஆகவே சற்று நேரம் வாசித்து வாத்தியம் சூடான பிறகே சுருதி பார்க்க வேண்டும்.

வீட்டுப் பயிற்சிக்குக் கையேடுகள் வழக்கமாகக் கேட்பது நாளொன்றுக்கு 20 முதல் 30 நிமிடம். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் சேர்த்து வாசிப்பது இதற்கு ஈடாகாது. உதட்டுத் தசை சோர்ந்த பிறகு ஊதினால் கெட்ட பழக்கம்தான் ஏறும். நீண்ட சுரம், ஸ்கேல், பிறகு பாடம் என்ற வரிசை நல்லது. பாடத்தை எப்போதும் முதல் வரியிலிருந்தே ஆரம்பிப்பது பிள்ளைகளின் பொதுக் குறை. முதல் வரி மெருகேறும், சிக்கலான நான்கு தாள அளவைகள் அப்படியே கிடக்கும். அந்த நான்கை மட்டும் எடுத்து, தாளம் காட்டும் மெட்ரோனோமை மெதுவாக வைத்து, பிழையில்லாமல் வந்தபின் வேகம் கூட்ட வேண்டும். முன்பு பெற்றோர் கையெழுத்திட்ட பயிற்சிக் குறிப்பேடு கேட்டார்கள். இப்போது பல டைரக்டர்கள் வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறார்கள். பொய்க் கையெழுத்துக்கு இடமில்லாததால் இதுவே மேல்.

கச்சேரி என்பது தேர்வு. வராவிட்டால் மதிப்பெண் போகும். உடல்நலக் குறைவு, குடும்பத்தில் துக்கம் போன்றவற்றுக்கே விலக்கு. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, தோழியின் அரங்கேற்றம் ஆகியவற்றோடு தேதி மோதினால் சில வாரங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கறுப்பு ஆடை என்றால் காலுறையும் கறுப்பாகவே இருக்க வேண்டும். குறித்த நேரத்துக்குத் தாமதமாக வரும் பிள்ளைக்குச் சுருதி சேர்க்க நேரம் இருக்காது. தன் பிள்ளையின் பேண்ட் வாசித்து முடித்ததும் குடும்பத்தோடு எழுந்து போவது, அடுத்து மேடையேறும் பிள்ளைகளை அவமதிப்பது. இது நம்மவர்கள் உட்படப் பலரிடமும் மாற வேண்டிய பழக்கம்.

வசந்த காலத்தில் யு.ஐ.எல். போட்டி. மேடையில் வாசிப்பதை மூன்று நடுவர்கள் கேட்பார்கள். பிறகு வேறோர் அறையில், இதுவரை பார்த்திராத இசையைத் தருவார்கள். சில நிமிடம் டைரக்டர் விளக்கலாம். பிள்ளைகள் விரலை அசைத்துப் பார்க்கலாம், தாளம் எண்ணலாம், ஆனால் வாத்தியத்தில் ஒலி எழுப்பக் கூடாது. பின்னர் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. மேடையிலும் அந்த அறையிலும் முதல் தரம் பெற்ற பேண்டுக்கு 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' விருது. இதில் கலந்துகொள்ள மற்றப் பாடங்களிலும் தேறியிருக்க வேண்டும். 1984இல் வந்த மாநிலச் சட்டப்படி எந்தப் பாடத்திலாவது 70க்குக் கீழே எடுத்த மாணவர் போட்டிக்குப் போக முடியாது. தொடக்கத்தில் ஆறு வாரமாக இருந்த தடை 1995இல் மூன்று வாரமாகக் குறைந்தது. ஒரு பிள்ளை தவறினால் அந்த வரிசையே பலவீனப்படும் என்பதால் டைரக்டர்கள் மதிப்பெண் பட்டியலைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்.

உயர்நிலைப் பள்ளியில் அணிவகுப்பு பேண்ட் சேர்ந்துகொள்ளும். ஆகஸ்ட் வெயிலில் தார்த் தரையில் பயிற்சி. தொப்பி, தண்ணீர், காலை உணவு மூன்றும் கட்டாயம். பள்ளி நேரத்துக்கு வெளியே வாரம் எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாதென்று யு.ஐ.எல். வரம்பு வைத்திருக்கிறது. டிரம் வரிசைக்கு அருகில் நிற்கும் பிள்ளைகள் காதடைப்பான் போட வேண்டும். 85 டெசிபல் ஒலியை நாளெல்லாம் கேட்பதே செவிக்குக் கேடு, பேண்ட் அறை அதைச் சாதாரணமாகத் தாண்டும். இளவயதில் போன கேட்கும் திறன் திரும்பாது.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை சில. கையேடு வந்த அன்றே கச்சேரித் தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். வாத்தியத்தை டைரக்டர் தரும் பட்டியலைப் பார்த்தே வாடகைக்கு எடுங்கள். முதல் மூன்று மாதம் வீட்டில் எழும் கரகரப்பான ஒலியைக் கேலி செய்யாதீர்கள், கதவை மூடி வாசிக்கவும் சொல்லாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.