திரும்பி வரவும் டீசல் வேண்டும்

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற மீனவ ஊர்களில் கோட்டைக்குப்பமும் ஒன்று. அங்கிருந்து வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9-ல் ரோகிணி-125 என்ற சின்ன ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அன்றிலிருந்து இந்தக் கரைக்கு ராக்கெட் என்பது டிவியில் மட்டும் பார்க்கிற சமாச்சாரம் இல்லை. வெளிச்சமும் சத்தமும் அப்புறம்தான். முதலில் வருவது "கடலுக்குப் போகாதீங்க" என்ற அறிவிப்பு.

அந்த அறிவிப்புக்குக் கடைசியில் வரலாம். முதலில் ஒரு விளையாட்டைப் பற்றி. (விளையாட்டு என்று சொன்னால் அதில் ராப்பகலாக மூழ்கிக் கிடப்பவர்களுக்குக் கோபம் வரும் :-))

ஆர்பிட்டர் என்று ஒரு விண்வெளி சிமுலேட்டர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த மார்ட்டின் ஷ்வைகர் எழுதி, 2000-ல் இலவசமாக வெளியிட்டார். 2021-ல் அதன் மூல நிரலையும் எல்லோருக்கும் திறந்து விட்டார். இதில் சுட வேண்டிய எதிரி கிடையாது, மதிப்பெண் கிடையாது. நியூட்டன் விதிகள் உண்டு, அவ்வளவுதான். இதற்குப் புது ராக்கெட்டுகளை யார் வேண்டுமானாலும் செய்து சேர்க்கலாம். அப்படிச் சேர்ப்பதற்குப் பேர் ஆட்-ஆன். சி++ தெரிந்தவர்கள் நிரலாக எழுதுவார்கள். தெரியாதவர்களுக்கு வின்கா என்ற பெயரில் ஒருவர் செய்த மல்டிஸ்டேஜ் என்ற துணை நிரல் இருக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் காலி எடை எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, உந்துவிசை எவ்வளவு, எத்தனை விநாடி எரியும் என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிக் கொடுத்தால் போதும், ராக்கெட் தயார். கடைக்கணக்கு எழுதத் தெரிந்த யாருக்கும் இது வரும்.

சிக்கல் எங்கே என்றால், கணக்கில் பொய் எழுதுவதும் அதே அளவு சுலபம்.

திரும்பி வந்து இறங்குகிற ராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்பிட்டரில் ஒரு எஞ்சினை வெறுமனே சேர்த்தால் அது பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் வரை எந்த அளவிலும் எரியும். நினைத்தபோது அணையும், எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் பற்றும். காற்று மண்டலத்தில் நுழையும்போது சூட்டில் எதுவும் கருகாது. கருக வேண்டும் என்றால் ஆட்-ஆன் செய்கிறவரே அதை எழுத வேண்டும். அதாவது, சும்மா விட்டால் ராக்கெட் நிஜத்தைவிட நன்றாகவே பறக்கும். நிஜம் போல ஆக்குவது என்றால் அதன் சக்தியைக் கூட்டுவது இல்லை, ஒவ்வொன்றாக வசதிகளைப் பிடுங்குவது.

ஃபால்கன் 9-ன் முதல் நிலையைப் பாருங்கள். 2015 டிசம்பரில் முதல் தடவையாக அது தரையில் வந்து நின்றது. எரிபொருள் தீர்ந்து வரும் அந்தக் காலி நிலைக்கு, ஒரே ஒரு எஞ்சினை முடிந்த அளவு தணித்து எரித்தாலும் உந்துவிசை அதன் எடையைவிட அதிகம். அதனால் ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்தில் நின்று யோசித்து இறங்க முடியாது. வேகம் பூஜ்யமாகிற கணமும் தரையைத் தொடுகிற கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் பற்றினால் திரும்ப மேலே கிளம்பிவிடும், கொஞ்சம் தாமதித்தால் மோதும். எஞ்சினுக்குக் கீழ் வரம்பு வைக்காத ஆட்-ஆனில் இந்தப் பதைபதைப்பே இருக்காது. சாவகாசமாக இறக்கி நிறுத்தலாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது ஃபால்கன் இல்லை.

அடுத்தது எரிபொருள். இதைக் கோட்டைக்குப்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. படகில் கடலுக்குப் போகிறவர் போகிற டீசலையும் வருகிற டீசலையும் சேர்த்தேதான் கணக்குப் போடுவார். ராக்கெட்டிலும் அதே கணக்குதான், ஆனால் வட்டி அதிகம். காலி நிலை 20 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினிலிருந்து வாயு விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. திரும்பி வந்து இறங்குவதற்கு மொத்தம் விநாடிக்கு 2 கிலோமீட்டர் வேக மாற்றம் வேண்டும். சியோல்கோவ்ஸ்கி சூத்திரத்தில் போட்டால் அதற்கு மட்டும் ஏறக்குறைய 19 டன் எரிபொருள் வருகிறது. இருபது டன் காலி டப்பாவைக் கொண்டு வர பத்தொன்பது டன்! அந்த 19 டன்னையும் முதலில் மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதைத் தூக்குவதற்கும் எரிபொருள் வேண்டும்.

இந்த வட்டியைச் சரக்குதான் கட்டுகிறது. புவிநிலைப் பாதைக்கான மாற்றுப் பாதைக்கு ஃபால்கன் 9 முதல் நிலையைத் தூக்கி எறிந்தால் சுமார் 8.3 டன் கொண்டு போகும். கடலில் நிற்கும் மிதவையில் அதை மீட்க வேண்டும் என்றால் சுமார் 5.5 டன்தான். மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஆட்-ஆனில் திரும்பியும் வந்து, முழுச் சரக்கையும் தூக்கினால், எங்கேயோ ஒரு எண் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

எரிபொருளே இல்லாமல் இறங்க இன்னொரு வழி உண்டு: இறக்கை. அதற்கான நிஜ உதாரணம் கோட்டைக்குப்பத்துக்கு எதிரே இருக்கிற அதே தீவிலிருந்து பறந்தது. 2016 மே 23 காலை 7 மணிக்கு, 1.75 டன் எடையுள்ள ஆர்.எல்.வி-டி.டி. என்ற இறக்கை வைத்த வாகனத்தை இஸ்ரோ ஒரு திட எரிபொருள் பூஸ்டரின் தலையில் வைத்து அனுப்பியது. 65 கிலோமீட்டர் உயரம் போய், ஒலியைவிட ஐந்து மடங்கு வேகத்தில் திரும்ப நுழைந்து, 450 கிலோமீட்டர் தள்ளி வங்காள விரிகுடாவில் இறங்கியது. மொத்தம் 770 விநாடி. தரையிறங்கும் சோதனைகள் 2023-லும் 2024-லும் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் நடந்தன. சினூக் ஹெலிகாப்டர் நாலரை கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விட, வாகனம் தானாகவே ஓடுபாதையைத் தேடி வந்து இறங்கியது. இறங்கும் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல், பயணிகள் விமானத்தைவிட அதிகம். சுற்றுப்பாதையிலிருந்து திரும்புவதற்கு ஏற்ற குட்டை இறக்கை மெதுவான வேகத்தில் போதுமான அளவு தூக்காது. அதனால்தான் அந்த வேகம். இதை ஆட்-ஆனாகச் செய்கிறவர் ஒவ்வொரு கோணத்துக்கும் வேகத்துக்கும் தூக்குவிசை எவ்வளவு, இழுவை எவ்வளவு என்று அட்டவணை எழுத வேண்டும். அது 200-ல் மெத்தென்று இறங்கினால் அட்டவணையைத் திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.

சரி, பி.காம். படிக்கிறவர்களுக்கான பகுதி. திரும்பி வந்தால் மட்டும் மலிவாகிவிடுமா? அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981 முதல் 2011 வரை 135 தடவை பறந்தது. அதிகபட்சமாக 1985-ல் 9 தடவை. ஆனாலும் அது மலிவாகவில்லை. ஒவ்வொரு தடவையும் பழுதுபார்க்கும் வேலை மலைபோல இருந்தது, நிலையான செலவோ பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருந்தது. பறக்கும் எண்ணிக்கை கூடினால்தான் அந்தச் செலவு தலைக்குக் குறையும். 2024-ல் மட்டும் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் பறந்தன. 2023-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செயற்கைக்கோளோடு கிளம்பியவை 7. மறுபயன்பாடு லாபமாக வேண்டும் என்றால் அடிக்கடி ஏவியாக வேண்டும். 2024 செப்டம்பரில் முதல் நிலை திரும்பி வரக்கூடிய அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு மத்திய அரசு 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது.

இப்போது அந்த அறிவிப்புக்கு வரலாம். ஏவும் நாளில் படகு கரையில் நிற்கிறது. எரிந்து முடிந்த நிலைகள் கடலில் விழுவதால் இது தேவையான எச்சரிக்கைதான், அதில் சந்தேகம் இல்லை. 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் வலையில் பி.எஸ்.எல்.வி.யின் பக்கவாட்டு மோட்டார் ஒன்று மாட்டியது. திரும்பி வருகிற ராக்கெட் என்றால் கடலில் விழுகிற இரும்பு குறையும், அது கரைக்கு நல்லது. ஆனால் ஏவுதல் கூடினால் கரையில் நிற்கிற நாளும் கூடும். இரட்டைப் பதிவில் ஒவ்வொரு வரவுக்கும் எங்கேயோ ஒரு பற்று இருந்தாக வேண்டும். ராக்கெட்டின் கணக்கில் வரவாகிற இந்தச் சிக்கனத்தின் பற்று, வருடத்துக்கு ஏழெட்டு நாளாக இருக்கும்வரை யார் கண்ணிலும் படாது. எழுபது நாளானால்? அன்றைய சம்பாத்தியத்துக்கு ஈடாக ஒரு தொகையை ஏவுதல் செலவிலேயே சேர்த்து எழுதுவது தர்மம் மட்டும் இல்லை, சரியான கணக்கும் அதுதான். மொத்தச் செலவில் அது சில்லறையாகத்தான் இருக்கும்.

சிமுலேட்டரில் தீவைச் சுற்றி இருக்கிற நீலத்தில் படகு கிடையாது. ஏவுவதற்குக் காத்திருக்க அலுப்பாக இருந்தால் ஒரு விசையைத் தட்டி நேரத்தைப் பத்து மடங்கு, நூறு மடங்கு வேகமாக ஓட்டலாம். நிஜத்தில் ஏவுதல் தள்ளிப்போனால் புதுத் தேதி வரும், அதோடு புது அறிவிப்பும் வரும். கோட்டைக்குப்பத்தில் காத்திருக்கிற படகுக்கு அந்த விசை கிடையாது.