கடைசிப் பத்து நிமிட நடை

படகு போய் டிராம் வந்தது. டிராம் போய் மெட்ரோ வந்தது. காளிகாட்டின் பிழைப்பு மட்டும் இன்னும் நடந்து வருகிறவர்களை நம்பியே இருக்கிறது.

காலை ஏழு மணி தாண்டியதும் காளிகாட் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டுகள் ஆட்களைத் தெருவுக்கு அனுப்பத் தொடங்குகின்றன. மேலே ஏறி வருகிறவர்களை ஒரு பார்வையிலேயே இரண்டாகப் பிரித்துவிடலாம். தோளில் பையும் கையில் டிபன் டப்பாவுமாக வருகிறவர்கள் யாரையும் பார்ப்பதில்லை. நேராக ராஷ்பிகாரி சந்திப்புக்குப் போய் ஆட்டோ வரிசையில் நிற்கிறார்கள். மற்றவர்கள் படி ஏறியதும் ஒரு நிமிடம் திகைத்து நிற்பார்கள். புதுச் சேலை, கூடவே ஒரு பாட்டி, தூக்கக் கலக்கத்தில் ஒரு குழந்தை. கோயில் எந்தப் பக்கம் என்று அவர்கள் வாய் திறந்து கேட்பதற்குள் வழிகாட்ட ஒருவர் வந்துவிடுவார்.

கொல்கத்தா ஆட்டோக்கள் சென்னைக்காரர்களுக்குப் புதுமையாகத் தெரியும். பேரம் கிடையாது, மீட்டரும் கிடையாது. பஸ்ஸைப் போல ஒவ்வொன்றுக்கும் நிர்ணயித்த தடம் உண்டு. பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர், ஆள் நிறைந்ததும் வண்டி கிளம்பிவிடும். ராஷ்பிகாரி சந்திப்பில் இப்படிப் பல தடங்கள் வந்து முடிகின்றன. சில்லறை இல்லாமல் ஏறுகிறவருக்கு டிரைவரின் வசவும் இலவசம்.

கோயிலுக்குப் போகிறவர்களின் கதை வேறு. மெட்ரோ அவர்களைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவதில்லை. ஏறக்குறைய பத்து நிமிடம் நடக்க வேண்டும். அந்தப் பத்து நிமிட நடைதான் காளிகாட்டின் பொருளாதாரம். சிவப்புச் செம்பருத்தி மாலை, பேடா, குங்குமம், சங்கு வளையல், காளியின் சட்டம் போட்ட படம், பித்தளைச் சொம்பு, பிளாஸ்டிக் பொம்மை, மண் குவளையில் தேநீர், சுடச்சுடக் கச்சோரி. அர்ச்சனைக் கூடையை 'டாலா' என்கிறார்கள். டாலா வாங்கும் கடையிலேயே செருப்பையும் விட்டுச் செல்லலாம். செருப்பு அங்கே இருக்கும்வரை வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக மாட்டார் என்ற வியாபார சூட்சுமமும் அதில் உண்டு. வண்டி நின்ற இடத்துக்கும் தெய்வம் இருக்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை அடி தூரமோ, அத்தனை அடியிலும் யாரோ ஒருவர் பிழைக்கிறார்.

ஆகவே வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பது இங்கே வெறும் போக்குவரத்துப் பிரச்சினை அல்ல. ஒவ்வொரு முறை நிறுத்தம் இடம் மாறியபோதும் இங்கே யாருக்கோ வாழ்வு வந்திருக்கிறது, யாருக்கோ போயிருக்கிறது.

ஊரின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது. 'காட்' என்றால் படித்துறை. கோயிலை ஒட்டி ஓடும் ஆதி கங்கை ஒரு காலத்தில் ஹூக்ளியின் முக்கியப் போக்கு. கடலுக்குப் போன வணிகப் படகுகள் இந்தத் துறையைத் தாண்டித்தான் போயின. நதி வேறு பக்கம் திரும்பியதும் வண்டல் சேர்ந்து, ஆதி கங்கை மெலிந்தது. 1775க்கும் 1777க்கும் இடையில் மேஜர் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேயர் அதைத் தூர்வாரி, கால்வாயாக்கி, கிழக்கே வித்யாதரி ஆற்றோடு இணைத்தார். படகுகளிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. டாலியின் நாலா என்ற பெயர் அப்படி வந்தது. பக்கத்து டாலிகஞ்சும் அவர் பெயரைச் சுமப்பதுதான். இப்போதுள்ள கோயில் கட்டி முடிக்கப்பட்டது 1809ல். சபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் கொடை அது.

படகிலும் கால்நடையாகவும் வந்த கூட்டத்தை நம்பி ஒரு கலையே பிறந்தது. மிதுனாபூர், 24 பர்கானா கிராமங்களிலிருந்து 'பட்டுவா' எனப்படும் ஓவியர்கள் வந்து கோயிலைச் சுற்றிக் குடியேறினார்கள். கிராமத்தில் அவர்கள் வரைந்தது நீண்ட சுருள் படங்கள். அவற்றை விரித்துக் காட்டி, பாடிக் கதை சொல்வார்கள். காளிகாட்டில் அதற்கு நேரம் இல்லை. யாத்ரீகர் படகைப் பிடிக்க வேண்டும். எனவே ஆலைக் காகிதத்தில், நாலைந்து வேகமான தூரிகை வீச்சில், கையில் எடுத்துப் போக வசதியாக ஒற்றைப் படம். சில காசுகள்தான் விலை. காளி, சிவன், கிருஷ்ணன் மட்டுமல்ல, மீனைக் கவ்விய கள்ளப் பூனை, மைனர் பாபு, அவரை அடக்கும் மனைவி எல்லாம் விற்பனைக்கு வந்தன. 1873ல் தாரகேஸ்வர் கோயில் மகந்துக்கும் ஏலோகேசி என்ற பெண்ணுக்கும் இருந்த தொடர்பும், கணவன் அவளைக் கொன்றதும் வங்காளத்தையே உலுக்கின. காளிகாட் ஓவியர்கள் அந்த வழக்கைக் காட்சி காட்சியாக வரைந்து விற்றார்கள். அந்தக் காலத்துச் செய்திப் பத்திரிகை என்றே சொல்லலாம்.

அதே 1873ல்தான் கல்கத்தாவில் முதல் டிராமும் ஓடியது. பிப்ரவரி 24 அன்று சியால்டாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரைகள் இழுத்துப் போயின. பயணிகள் போதாமல் அந்த ஆண்டிலேயே நின்றும் போனது. பிறகு லண்டனில் பதிவான கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி 1880களில் மீண்டும் தண்டவாளம் போட்டது. 1902 மார்ச்சில் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு மின்சார டிராம். அதே ஆண்டு ஜூன் 14 அன்று எஸ்பிளனேடிலிருந்து காளிகாட்டுக்கு. நகரத்தின் இரண்டாவது மின்சாரத் தடமே காளியைத் தேடித்தான் வந்தது. ஆசியாவின் முதல் மின்சார டிராம் எங்களுடையது என்று கொல்கத்தாவில் பெருமையாகச் சொல்வது உண்டு. 1895லேயே மின்சார டிராம் ஓட்டிய சென்னை அதை ஒப்புக்கொள்ளாது.

டிராம் வந்ததும் கூட்டம் பெருகியது. ஆனால் பெருகிய கூட்டம் பட்டுவாக்களைக் காப்பாற்றவில்லை. அதே நகரத்துக்குக் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன் அச்சுப் படங்கள் பளபளப்பாக, மலிவாக இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளுக்குள் காளிகாட் பட ஓவியம் முடிந்துபோனது. இன்று அந்தப் படங்களைப் பெருமளவில் பார்க்க லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கோயிலருகே பட்டுவா பாடா என்ற பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. அங்கே இப்போது துர்க்கைக்கும் காளிக்கும் களிமண்ணில் உருவம் பிடிக்கிறார்கள்.

டிராம் மீது கல்கத்தாவுக்கு இருந்தது வெறும் பாசம் அல்ல, உரிமை. 1953ல் பிரிட்டிஷ் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா உயர்த்தியது. ஜூலை முழுக்க நகரம் கொந்தளித்தது. டிராம்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. கடைசியில் உயர்வு திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் சென்னை தன் டிராமைச் சத்தமில்லாமல் வழியனுப்பி வைத்திருந்தது. இரண்டு நகரங்களின் குணத்துக்கும் இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ராஷ்பிகாரி அவென்யூவில் டிராம் மோதிப் படுகாயமடைந்த கவிஞர் ஜீபனானந்த தாஸ் எட்டு நாள் கழித்து இறந்தபோது, வங்காளம் தாகூருக்குப் பிந்தைய தன் பெரும் கவியை இழந்தது. டிராமின் வரலாற்றில் அந்தக் கறையும் உண்டு.

அந்த ராஷ்பிகாரி அவென்யூவில் கிழக்கே சற்று நடந்தால் லேக் மார்க்கெட். வாழை இலை, தேங்காய், காபிப் பொடி, மல்லிகைச் சரம். ஒரு நிமிடம் மயிலாப்பூரில் நிற்பதுபோல இருக்கும். சுருக்கெழுத்தும் டைப்பிங்கும் கணக்கும் கற்றுக்கொண்டு மெட்ராஸ் மெயிலில் ஹௌராவில் வந்து இறங்கிய தமிழ் இளைஞர்கள் குடியேறிய பகுதி இது. டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகத்துக்குப் போகத் தோதாக டிராம் இருந்ததும், மாம்பலம் போல மாமி மெஸ்கள் முளைத்ததும் ஒன்றையொன்று வளர்த்தன. அவர்களின் பேரப் பிள்ளைகள் பலர் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். இட்லிக் கடைகளில் இப்போது வங்காளிகளே அதிகம்.

மெட்ரோவுக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது 1972 டிசம்பரில். மேலிருந்து தெருவைத் தோண்டி, பெட்டி போலச் சுரங்கம் கட்டி, மறுபடி மூடும் முறை. தெற்குக் கல்கத்தா ஆண்டுக்கணக்கில் பள்ளத்தின் விளிம்பில் நடந்தது. பவானிபூர் வழியே காளிகாட்டுக்கு நேராக வந்த டிராம் பாதை அந்தத் தோண்டலில் பலியானது. 1984 அக்டோபர் 24 அன்று நாட்டின் முதல் மெட்ரோ எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடியது. 1986 ஏப்ரல் 29 அன்று காளிகாட்டைத் தொட்டு டாலிகஞ்சை அடைந்தது. 2009ல் டாலிகஞ்சுக்குத் தெற்கே மெட்ரோ நீண்டபோது தூண்கள் ஊன்றப்பட்டது எங்கே? ஆதி கங்கைக்குள்ளேயே. படகை விரட்டிய ரயிலின் கால் நதியின் நெஞ்சில். காளிகாட் படித்துறையில் இன்று கறுத்த நீர்தான் தேங்கியிருக்கிறது. ஆனாலும் அதைத் தலையில் தெளித்துக்கொள்கிற பக்தர்கள் இருக்கிறார்கள்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ வடக்கே தட்சிணேஸ்வரம் வரை போனதும் நகரத்தின் இரண்டு பெரிய காளிகளும் ஒரே தடத்தில் இணைந்தார்கள். ஒரே நாளில் இரண்டு தரிசனம் சுலபமாயிற்று. டிராமுக்கோ எதிர்த் திசை. 2023 பிப்ரவரியில் 150ஆம் ஆண்டைக் கேக் வெட்டாத குறையாகக் கொண்டாடினார்கள். 2024 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார்: மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே பாரம்பரியச் சின்னமாக ஒரு தடம் போதும், மற்றவை தேவையில்லை. நெரிசல் என்பது காரணம். புகை கக்காத வண்டியை நிறுத்திவிட்டு நெரிசலைக் குறைப்பதா என்று டிராம் அபிமானிகள் கேட்டார்கள். அதற்கு முன்பே விஷயம் உயர் நீதிமன்றத்துக்கும் போயிருந்தது.

வழிகளெல்லாம் மாறியும் ஒரு கட்டடம் இதே தெருவில் வேறு விதமான நிறுத்தமாக இருக்கிறது. கோயிலை ஒட்டி யாத்ரீகர்கள் தங்க ஒரு சத்திரம் இருந்தது. 1952ல் அன்னை தெரசா அதைக் கேட்டு வாங்கினார். தெருவோரத்தில், ரயில் நிலையத்தில் யாருமற்றுக் கிடந்தவர்களைத் தூக்கி வந்து படுக்க வைத்தார். நிர்மல் ஹ்ருதய். கோயிலடியில் இதென்ன என்று ஆரம்பத்தில் எதிர்ப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. பயணிகள் இளைப்பாறிய திண்ணையில் பயணத்தையே முடித்துக்கொள்கிறவர்கள். சற்றுத் தூரத்தில் கேவ்ராதலா சுடுகாடு. காளிகாட்டில் எல்லாமே பக்கம் பக்கம்தான்.

இப்போதைய மாற்றம் தலைக்கு மேலே நடந்திருக்கிறது. ஷ்யாமா பிரசாத் முகர்ஜி சாலையிலிருந்து கோயில் வரை 400 மீட்டருக்கும் அதிகமான நடை மேம்பாலம். 2025 ஏப்ரல் 14 அன்று, நம் சித்திரைப் பிறப்பன்று, வங்காளப் புத்தாண்டுக்கு முதல் நாள், திறக்கப்பட்டது. வேலை நடந்த ஆண்டுகளில் கோயில் தெருவின் கடைக்காரர்கள் ஹாஜ்ரா பூங்காவுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். அவர்களில் பலர் தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து கடை போட்ட குடும்பங்களின் வாரிசுகள். ஒருமுறை ஊரையே விட்டு வந்தவர்களுக்கு நிறுத்தம் மாறுவதன் அர்த்தம் மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். பூங்காவில் கூரை இருந்தது, கடை இருந்தது. நடந்து வருகிற பக்தர்தான் இல்லை.

மேம்பாலத்தால் நன்மை இல்லாமல் இல்லை. பண்டிகை நாட்களில் குறுகிய தெருவில் கூட்டம் நெரிந்து மூச்சு முட்டுவது அபாயம்தான். முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்கு நகரும் படிக்கட்டு பெரிய உபகாரம். ஆனால் மேலே நடக்கிறவர் கீழே உள்ள செம்பருத்தியைப் பார்ப்பதில்லை. தட்சிணேஸ்வரத்தில் 2018ல் இதே போன்ற பாலம் வந்தபோது கடைகளையும் சேர்த்தே மேலே ஏற்றினார்கள். பாதையை உயர்த்தினால் பிழைப்பையும் உடன் உயர்த்த வேண்டும் என்ற எளிய கணக்கு அது. பக்தரைச் சீக்கிரம் கோயிலில் சேர்ப்பதை மட்டும் வெற்றி என்று எண்ணினால், பட்டுவாக்களுக்கு நேர்ந்தது மறுபடி நேரும்.

பொய்லா பைசாக் விடியலில் காளிகாட் இன்னும் பழைய காளிகாட்தான். வியாபாரிகள் சிவப்புத் துணியில் கட்டிய புதுக் கணக்குப் புத்தகத்தையும், சின்ன லட்சுமி, விநாயகர் பொம்மைகளையும் கூடையில் சுமந்துகொண்டு வரிசையில் நிற்கிறார்கள். முதல் பக்கத்தில் காளியின் குங்குமம் விழுந்த பிறகுதான் வரவு எழுதப்படும். மெட்ரோவில் வந்தவர், ஆட்டோவில் வந்தவர், காரைத் தூரத்தில் விட்டுவிட்டு வந்தவர் என்று வரிசையில் பேதமில்லை. எல்லோரும் அந்தக் கடைசித் தூரத்தை நடந்துதான் கடந்திருக்கிறார்கள். போகிற வழியில் ஒரு டாலா, ஒரு மாலை, ஒரு குவளைத் தேநீர். தெருவோரக் கடைக்காரருக்கும் அன்றுதான் புதுக் கணக்கு.