அடுத்தடுத்த வீடும் வெவ்வேறு பள்ளியும்

மலாக்காவிலிருந்து மூவாருக்குச் செல்லும் பழைய சாலையில், ஜாசின் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் மெர்லிமாவ். ஒரு காலத்தில் இவ்வூரைச் சூழ்ந்து பால்மரத் தோட்டங்களே நிறைந்திருந்தன. தோட்டத்திற்கொரு லயம், லயத்திற்கொரு கோயில், கோயிலுக்கு அண்மையில் ஒரு தமிழ்ப்பள்ளி என்பதே அன்றைய அமைப்பு. இன்று பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. சாலையை ஒட்டித் தாமான்கள் எழுந்துள்ளன. 2002ஆம் ஆண்டு முதல் பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றும் இயங்கி வருகின்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் சில இவ்வூர்த் தாமான்களிலும், வேறு சில ஆயர் குரோ, பத்து பெரண்டாம் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறின.

மக்கள் நெருங்கி வாழ்ந்தால் அவர்தம் பிள்ளைகளும் ஒன்றாகப் பயில்வர் என்பது நகர அமைப்பாளர் பலரின் நம்பிக்கை. இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று நோக்குதல் வேண்டும். அமெரிக்க நாட்டில் ஒரு பிள்ளையின் பள்ளியைப் பெரும்பாலும் அதன் வீட்டு முகவரியே தீர்மானிக்கிறது. 1954ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறத்தால் பிரிக்கப்பட்ட பள்ளிகள் சட்டத்திற்குப் புறம்பானவை என்று தீர்ப்பளித்தது. ஆயினும் வெள்ளையர் பலர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே பெரிய மனைகளில் தனி வீடுகள் மட்டுமே கட்டலாம் என்ற விதிகள் இருந்தமையால் ஏழையர் உட்புக இயலவில்லை. 1974இல் டெட்ராய்ட் நகர வழக்கில், பிரிவினையில் பங்கு கொண்டதாக மெய்ப்பிக்கப்படாத புறநகர்களை நகரப் பள்ளிகளோடு இணைக்குமாறு கட்டாயப்படுத்த இயலாது என்று அதே நீதிமன்றம் கூறிவிட்டது. அத்தகைய நாட்டில், சிறு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இடந்தருவது பள்ளிக் கதவைத் திறப்பதற்கு ஒப்பாகும். வீடு எதுவோ பள்ளியும் அதுவே.

மலேசியாவின் நிலை வேறு. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தொடக்கக் கல்வியில் மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிவழிப் பள்ளிகளுக்கு இடமளித்தன. இங்கே பெற்றோர் பள்ளியைத் தேர்வது பெரிதும் மொழியைக் கொண்டே. எனவே வீடுகள் எவ்வளவு நெருங்கினாலும் பள்ளிகள் தாமாக நெருங்கிவிடுவதில்லை.

மெர்லிமாவை அடுத்த தோட்டமொன்றில் பால்மரம் சீவி ஓய்ந்த பெரியவர் ஒருவர், மகனோடு அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்தில் அவர் அறிந்த அயலார் அனைவரும் தமிழரே. இங்கோ எதிர்வீடு மலாய்க் குடும்பம், பக்கத்து வீடு சீனக் குடும்பம். மாலையில் பிள்ளைகள் நடைபாதையில் ஒரே பந்தை உதைத்து விளையாடுவதைக் கண்டு அவர் வியந்தார். விடியற்காலையில் கண்ட காட்சியோ வேறாக இருந்தது. ஒரே படிக்கட்டில் இறங்கிய பிள்ளைகள் மூன்று வேன்களில் ஏறி மூன்று திசைகளில் சென்றனர்.

“ஏன் ஐயா, அந்தப் பையன் ஒன்னோட வரலியா?” என்று பேரனைக் கேட்டார்.

“அவன் ஸ்கூல் வேற, தாத்தா” என்றான் பேரன்.

பேரனுக்கு அதில் வியப்பேதும் இல்லை.

இவ்வேன்களைச் சுட்டிக்காட்டி, தமிழ்ப்பள்ளியே பிரிவினைக்குக் காரணம் என்று கூறுவோர் உளர். இது ஒப்புக்கொள்ளத்தக்கதன்று. தோட்டத்துப் பிள்ளையைப் பிற பிள்ளைகளிடமிருந்து பிரித்தது தமிழ் எழுத்தன்று. லயமும், செம்மண் பாதையும், பேருந்து இல்லாமையுமே பிரித்தன. அன்றைய மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைப்பதற்கு ஏற்பாடு செய்தது. தொழிலாளி தோட்டத்தை விட்டு அகலாதிருக்க அப்பள்ளி துணைசெய்தது என்பதும் மறைப்பதற்கில்லை. தேசியப் பள்ளிகளிலும் இன்று பெரும்பான்மையோர் ஓரினத்தவரே. சீனப்பள்ளிகளிலோ சீனரல்லாத மாணவர் கணிசமாகப் பயில்கின்றனர். மொழி ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் நியாயமில்லை.

அண்டை நாடான சிங்கப்பூர் மற்றொரு வழியில் சென்றது. 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கம்பத்து மக்களை அடுக்குமாடிகளில் குடியேற்றியது. 1989 முதல், ஒவ்வோர் அடுக்குமாடியிலும் ஒவ்வோரினத்தவரும் எத்துணை விழுக்காட்டினர் வாழலாம் என்பதற்கும் வரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு முன்னரே அங்குத் தமிழ்வழிப் பள்ளிகள் மறைந்துவிட்டன. எஞ்சிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. தமிழ் ஒரு பாடமாக நிலைத்தது. பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். ஆனால் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்வோர்க்கு முன்னுரிமை உண்டு. ஆகவே புகழ்பெற்ற பள்ளிக்கு அருகில் வீடு வாங்க வல்லவர் வாங்கிக்கொள்கின்றனர். இனவேலி தாழ்ந்த இடத்தில் பணவேலி உயர்ந்தது.

பணவேலி மலாக்காவிலும் இல்லாமலில்லை. வசதியுள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் தம் பிள்ளைகளைச் சீனப்பள்ளிக்கோ தனியார் பள்ளிக்கோ அனுப்புகின்றனர். அவ்வாறு நேரும் இடங்களில் தமிழ்ப்பள்ளி தமிழர் பள்ளியாக மட்டுமன்றி, ஏழைத் தமிழர் பள்ளியாகவும் ஆகிவிடுகிறது. இப்பிரிவினையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இதனினும் பெரிய சிக்கல் நிலத்தைப் பற்றியது. 1957இல் நாடு முழுவதும் 880க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 பள்ளிகளே உள்ளன. ஆயினும் மாணவர் தொகை அதே வேகத்தில் குறையவில்லை. சுதந்திரத்தின்போது ஐம்பதாயிரம் அளவில் இருந்தது, 2010ஆம் ஆண்டையொட்டி ஓர் இலட்சத்தைத் தாண்டி, பின்னரே இறங்கியது. மாணவர் நகரத்தில், பள்ளிகள் பலவும் தோட்டத்தில். ஓரிடத்தில் ஆசிரியரும் மாணவரும் கிட்டத்தட்டச் சம எண்ணிக்கையில் இருக்க, மற்றோரிடத்தில் ஒரே வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு அமர்ந்தனர்.

தோட்டப்பள்ளிகள் பலவற்றின் நிலம் நிர்வாகத்திற்கு உரியது. அதனால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்து வந்தன. அரசாங்கப் பணத்தில் கட்டடம் எழுப்புவதும் எளிதாக இருக்கவில்லை. தோட்டம் வீடமைப்பு நிறுவனத்திற்கு விற்கப்படும் நாளில் பள்ளிக்குப் போக்கிடம் தேடவேண்டியதாயிற்று. பள்ளியின் உரிமத்தைப் புதிய தாமானுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உரிமம் காகிதம். அதனை ஊன்ற மண் வேண்டும்.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சுபாங் ஜெயாவின் யூ.எஸ்.ஜே. 15இல், மூன்று மொழிப் பள்ளிகளும் ஒரே வளாகத்தில் அமைந்தன. துன் சம்பந்தன் தமிழ்ப்பள்ளி அவற்றுள் ஒன்று. தனித்தன்மை கரைந்துவிடுமென்று இத்திட்டத்தை எதிர்த்தோர் அச்சம் பொருளற்றதன்று. எனினும் தனித்தனிப் பாடமொழியும் பொதுவான திடலும் ஒருங்கே இருக்கமுடியும் என்பதற்கு அது சான்றாகிறது. நடைபாதையில் ஒன்றாகப் பந்துதைக்கும் பிள்ளைகளுக்கு இடைவேளையிலும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

மெர்லிமாவைச் சுற்றி இனியும் தோட்டங்கள் தாமான்களாகும். வரைபடம் தீட்டும்போதே கடைவரிசைக்கும் வழிபாட்டிடத்திற்கும் திடலுக்கும் நிலம் குறிக்கின்றனர். தமிழ்ப்பள்ளிக்கான நிலத்தை, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் அந்நேரத்திலேயே மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கவேண்டும். பள்ளித்திடலைப் பக்கத்துப் பள்ளியோடு பகிர்ந்துகொள்ளும் வகையில் கேட்பது இன்னும் நன்று. முளைக்குச்சி அடித்த பின்னர்ச் சென்றால் மிஞ்சிய நிலந்தான் கிடைக்கும். அது பெரும்பாலும் வடிகாலை ஒட்டியே இருக்கும்.