உழைக்கிற கைக்குக் காப்புறுதி தேவையா?



"உடம்பு முடியாமப் போனா மாசாமாசம் காசு தர்ற இன்சூரன்ஸ் எடுத்தீங்களாமே, அது அவசியமா?" என்று அன்னதானக் குழுவில் பலர் எங்களிடம் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

எங்க வீட்டுக்கு ஒரே வருமானம் ஏர்கான் வேலைதான். சொந்தத் தொழில். தினமும் ஏணி ஏறணும். படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேர். தோள்பட்டை ஒரு வருஷம் ஒத்துழைக்கலைன்னா என்ன செய்வது?

"அதான் கேர்ஷீல்டு லைஃப் இருக்கே" என்பார்கள். நல்ல திட்டம்தான். 2020-இல் மாதம் 600 வெள்ளியில் தொடங்கியது. கடும் உடற்குறை நீடிக்கும்வரை ஆயுளுக்கும் கிடைக்கும். சந்தாவை மெடிசேவிலிருந்தே கட்டலாம். ஆனால் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைத் துணையில்லாமல் செய்ய முடியாதவருக்குத்தான் அது கிடைக்கும். ஏணி ஏற முடியாதவர் தானே குளிப்பார், தானே சாப்பிடுவார். அவருக்கு அது வராது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்திலும் எங்களைப் போல சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இடமில்லை.

இந்த இடைவெளிக்குத்தான் வருமானக் காப்புறுதி. வாங்குமுன் மூன்று கேள்வி கேட்டோம்.

ஒன்று: நம்ம சொந்த வேலையைச் செய்ய முடியாவிட்டாலே தருவார்களா, எந்த வேலையுமே முடியாதபோதுதான் தருவார்களா? பத்திரத்தில் இதை முதலில் பாருங்க.

இரண்டு: எத்தனை மாதம் காத்திருக்கணும்? அது நீண்டால் சந்தா குறையும். எங்க சேமிப்பு ஆறு மாசம் தாங்கும். அதனால் ஆறு மாசம் தேர்ந்தெடுத்தோம்.

மூன்று: எவ்வளவு தேவை? வீட்டுக் கடன், மளிகை, பள்ளிச் செலவு மூன்றையும் கூட்டி, அந்த அளவுக்கு மட்டும் எடுத்தோம்.

இனிப்பு நீர் இருப்பதை மறைக்காமல் எழுதிக் கொடுத்தோம். சந்தா கூடியது. மறைத்திருந்தால் காசு கேட்கும் நாளில் கையை விரித்துவிடுவார்கள்.

சந்தாவுக்காக இந்த வருஷப் பழனிப் பயணத்தைத் தள்ளி வைத்தோம். மனசுக்குக் கஷ்டம்தான். "முருகன் பாத்துக்க மாட்டானா?" என்றும் சிலர் கேட்டார்கள். பாத்துக்குவான். காவடி எடுக்கிறவரும் அந்த நம்பிக்கையோடுதான் எடுக்கிறார். ஆனாலும் விரதம் இருந்து உடம்பைத் தயார் பண்ணுகிறார், கூட நடக்க நாலு பேரை வைத்துக்கொள்கிறார்.

எல்லாருக்கும் இது தேவை என்று சொல்ல வரவில்லை. கடன் முடிந்து, பிள்ளைகள் சம்பாதித்தால் வேண்டாம். கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று கேளுங்க. மற்றவர்கள் இன்று இரவே வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்க: நாளைக்கு வேலை நின்றால் சேமிப்பு எத்தனை மாசம் வரும்?

வேலும் மயிலும் துணை.