தனி ஆளாக நிமிர்த்திய பாய்மரம்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரை. 70 வயதுக்காரர் ஒருவரின் 22 அடி படகு. பாய்மரமோ 25 அடி அலுமினியம். வழக்கமாக அவர் தோள் கொடுத்துத் தூக்க, மனைவி கயிற்றை இழுப்பார். இந்த ஆண்டு மனைவிக்குத் தோள்பட்டை வலி.

படுத்திருக்கும் பாய்மரத்தைப் படகின் முனையிலிருந்து நேராக இழுத்தால் எழாது. விசை அடிப்பக்கமே போய்விடும். அதனால் அடியில் ஓர் இரும்புக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தி, கயிற்றை அதன் உச்சி வழியாகக் கொண்டுவந்து கை வின்ச்சில் கட்டினார். பக்கவாட்டில் சாயாதிருக்க இருபுறமும் கயிறுகள். மேலே மின்கம்பி இல்லையே என்று அண்ணாந்து பார்த்தார்.

கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, பாய்மரம் மெல்ல நிமிர்ந்தது.

“இனி நான் தேவையில்லைதானே?” என்றார் மனைவி.

“தூக்கத்தான் ஆள் வேண்டாம். ஏறி உட்கார்!”