என் பிஸ்கட் டப்பா



சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சிலர் தீப்பெட்டிப் படம் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது பழைய ரேடியோ பாகங்கள். என் மாமா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது, காயலான் கடைக்குப் போக இருந்த சாமான்களில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய எனக்குக் கொடுத்தார்.

அதில் வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. அந்தக் கோடு அழகுக்கு இல்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு எண். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வரிசையாக இருந்தால் 1, 0, பிறகு இரண்டு சைபர். அதாவது 1000 ஓம். கண்ணாடி வால்வு ஒன்றும் இருக்கிறது. 1947-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ரேடியோவில் வால்வு செய்த வேலையை அந்தச் சின்னப் பொருளே செய்தது. முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தில் செய்தது. இப்போது வருவது பெரும்பாலும் சிலிக்கான்.

என் டப்பாவில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் மட்டும் இல்லை. அதற்காக ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தா வாங்கிய ரேடியோவை எங்க ஆயா தினமும் காலையில் கேட்கும். அதற்குள் ஏ.சி.128 என்று எழுதிய டிரான்சிஸ்டர் இரண்டு இருப்பதை மாமா ஒருமுறை காட்டியிருந்தார். ஆயா களை எடுக்கப் போன நேரம் பார்த்து ஒன்றைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டேன். இரண்டு இருக்குதே, ஒன்று போதாதா என்று நினைத்தேன்.

மறுநாள் ரேடியோ மூக்கடைத்த மாதிரி கரகரவென்று பேசியது. ஆயா அதைக் காதோடு வைத்துக்கொண்டு, "ஏன் கண்ணு, எனக்குக் காது போயிருச்சா?" என்று கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல ஆயா" என்று மட்டும் சொன்னேன். நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அப்பா, ஆயாவைக் காது டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றார். அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவோடு மாமா வீட்டுக்குப் போனோம். மாமா திட்டவில்லை. "நீ கழட்டினத நீயே மாட்டு" என்றார். ஒலி அலையின் ஒரு பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் மறு பாதியை இன்னொன்றும் பெரிதாக்குமாம். ஒன்று இல்லாவிட்டால் பாதிப் பேச்சுதான். ஜெர்மானியம் அதிகச் சூடு தாங்காது. அதனால் அதன் காலைக் குறடால் பிடித்துக்கொண்டு ஈயம் வைக்கச் சொன்னார். சூடு குறடுக்குப் போய்விடும். என் கை நடுங்கியது. சுவிட்சைப் போட்டதும் ரேடியோ தெளிவாகப் பேசியது. "அப்ப என் காது நல்லாத்தான் இருக்குது" என்று ஆயா சிரித்தது. எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

என் டப்பாவில் அந்த இடம் இன்னும் காலிதான். உங்கள் வீட்டில் ஓடாத பழைய ரேடியோ இருந்தால் காயலான் கடைக்குப் போடும்முன் என்னிடம் சொல்லுங்கள். ஓடும் ரேடியோ வேண்டாம். டி.வி. பெட்டியை யாரும் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கண்டன்சரில் கரண்ட் நிற்கும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி